இரைச்சலைத் துடைத்தால் உண்மை துலங்குமா?

படக் கருவிகளைப் பற்றிய ஒரு கருத்து, கைத்தொலைபேசி விளம்பரத்திலிருந்து செய்மதி வரைபடம் வரைக்கும் கேள்வியின்றிப் புழங்குகிறது. படத்தில் தெரியும் இரைச்சல், அதாவது பொரிபொரியான புள்ளிகளும் காரணம் தெரியாத ஏற்ற இறக்கங்களும், வெறும் அழுக்கு. அது குறையக் குறையப் படம் உண்மையை நெருங்குகிறது என்பதே அந்தக் கருத்து. பாடநூல்கள் சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தைத் தரத்தின் அளவுகோலாக வைக்கின்றன. மென்பொருள்கள் இரைச்சல் நீக்கத்தை முதற்படியாக வைத்திருக்கின்றன. வழவழப்பான படம் கைக்கு வந்ததும் வேலை முடிந்ததென்று பார்ப்பவரும் நம்பிவிடுகிறார்.

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இது ரசனையோடு முடியும் விடயமல்ல. தென்மேல் பருவக்காற்றை நேராக வாங்கும் இம்மலைச்சரிவுகள் இலங்கையின் மிக ஈரமான பகுதிகளுள் அடங்கும். ரக்வானை, பலாங்கொடை, தெரணியகலை, தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டை எனத் தேயிலையும் இறப்பரும் படர்ந்த சரிவுகளின் மேல் மழைக்காலத்தில் நாட்கணக்கில் மேகம் கவிந்திருக்கும். செய்மதியிலுள்ள சாதாரணக் கமெராவுக்கு அப்போது மேகத்தின் முதுகு மட்டுமே தெரியும். மேகத்தை ஊடுருவிப் பார்ப்பது ராடார். ராடார் படமோ பிறவியிலேயே இரைச்சல் நிறைந்தது. அந்த இரைச்சலை என்ன செய்வது என்ற கேள்விக்குத் தவறான விடை எழுதினால், அதன் விலையைக் கொடுப்பவர்கள் சரிவின் கீழே லயன் குடியிருப்புகளில் இருப்பவர்கள்.

பொதுக் கருத்து நான்கு வாதங்களின் மேல் நிற்கிறது: இரைச்சல் நுண்ணிய விவரத்தை மறைக்கிறது, ராடார் படத்தின் புள்ளிகள் பயனற்றவை, சுத்தமான படத்தை வைத்து எடுக்கும் முடிவே பாதுகாப்பானது, கணினிக்குச் சுத்தமான படமே தேவை. நான்கிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால், இரைச்சலை எடுத்த எடுப்பிலேயே துடைத்துவிட வேண்டும் என்ற முடிவுக்கு அந்த உண்மை போதாது.

எது இரைச்சல்?

முதலில் வெவ்வேறு பொருள்களை ஒரே பெயரில் அடைக்கும் பழக்கத்தை விட வேண்டும். ஒளி போட்டன் எனப்படும் தனித்தனித் துணிக்கைகளாக வருகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 போட்டன்கள் விழ வேண்டிய நேரத்தில் ஒரு தடவை 92 விழும், இன்னொரு தடவை 109 விழும். இந்த ஏற்ற இறக்கத்தின் நியம விலகல், சராசரியின் வர்க்கமூலம்: 100க்கு 10, 10,000க்கு 100. இது கருவியின் குறையல்ல, ஒளியின் இயல்பு. இரண்டாவது வகை, உணரியின் வெப்பத்தாலும் வாசிக்கும் மின்சுற்றாலும் வருவது. மூன்றாவது, அளவை முழு எண்ணாக்கும்போது ஏற்படும் பிழை. நான்காவது ஸ்பெக்கிள். ராடார், லேசர், மீயொலி போன்ற, ஒத்த அலைகளைப் பயன்படுத்தும் கருவிகளில் மட்டும் தோன்றும் பொரிப்பு இது. 

முதல் இரண்டும் எழுமாறானவை. மறுமுறை எடுத்தால் வேறாக வரும். மூன்றாவது சமிக்ஞையோடு ஒட்டிக்கொண்டு, பார்ப்பவரை ஏமாற்றும் வடிவங்களை உண்டாக்கும். நான்காவது, நிலம் மாறாதவரை மாறாது. ஒன்றுக்கொன்று இவ்வளவு வேறுபட்டவற்றை ஒரே வடிகட்டியால் துடைக்கப் போவதில்தான் பிழை தொடங்குகிறது.

முதல் வாதம்: நுண்ணிய விவரத்தை மறைக்கிறது

எண்ணிலக்கக் கமெரா ஒளியின் அளவை முழு எண்களாகப் பதிகிறது. 8 பிட் படத்தில் 0 முதல் 255 வரை 256 படிகள் உண்டு. பனிமூட்டம் கவிந்த ஒரு சரிவில், ஓர் இடத்தின் உண்மையான பிரகாசம் 100.3 என்றும் பக்கத்து இடத்தினது 100.4 என்றும் வைத்துக்கொள்வோம். இரைச்சலே இல்லாத கருவி இரண்டையும் 100 என்று பதியும். ஆயிரம் படங்கள் எடுத்துச் சராசரி பார்த்தாலும் 100தான் வரும். வேறுபாடு அழிந்தது அழிந்ததுதான். எத்தனை படம் சேர்த்தாலும் மீளாது.

இனி, பதிவதற்கு முன் ஒவ்வொரு முறையும் -0.5க்கும் +0.5க்கும் இடைப்பட்ட ஓர் எழுமாறான அளவு சேர்க்கப்படுகிறது என்று கொள்வோம். 100.3 என்பது 101ஆகப் பதிவாக, சேரும் அளவு 0.2ஐத் தாண்ட வேண்டும். அதற்கான நிகழ்தகவு 0.3. ஆகவே 100 படங்களில் ஏறத்தாழ 30இல் 101, 70இல் 100 என வரும், சராசரி 100.3. பக்கத்து இடத்தில் ஏறத்தாழ 40க்கு 60, சராசரி 100.4. நூறு படங்களின் சராசரியில் மிஞ்சும் பிழை சுமார் 0.05, நானூறு படங்களில் அது பாதியாகும். கருவியின் படியைவிடச் சிறிய வேறுபாட்டைக் கருவிக்குக் காட்டிக்கொடுத்தது இரைச்சலேயன்றி வேறில்லை.

இது தாளில் மட்டும் நிற்கும் கணக்கல்ல. பின்னாளில் ஆர்ப்பாநெற் வலையமைப்பை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவரான லோரன்ஸ் ராபர்ட்ஸ், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961இல் செய்த ஆய்வு இதைப் பற்றியதே. படத்தை மிகக் குறைந்த படிகளில் குறியாக்கினால் வானமும் கன்னமும் வரம்பு வரம்பாக உடைந்து தெரியும். குறியாக்கும் முன் போலி எழுமாற்று இரைச்சலைச் சேர்த்து, திரும்பப் படிக்கும்போது அதே இரைச்சலைக் கழித்தால் வரம்புகள் மறைந்துவிடுகின்றன என்று அவர் காட்டினார். ஒரு பிக்சலுக்கு 3 பிட் மட்டும் கொடுத்தும் பார்க்கத்தக்க படம் கிடைத்தது. பனிமூட்டமான மலைக்காட்சியை நெருக்கிச் சுருக்கிய காணொளியில் இன்றும் அதே வரம்புகளைப் பார்க்கலாம். 2018இல் வெளியான ஏவி1 காணொளி முறை, படச்சுருளின் மணிப்பொரிப்பை அனுப்பும் இடத்தில் எடுத்துவிட்டுப் பெறும் இடத்தில் மறுபடி உண்டாக்கிச் சேர்ப்பதற்கென்றே ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது.

பிரகாசத்துக்குப் பொருந்துவது இடத்துக்கும் பொருந்துகிறது. 1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கி ஆழ்விண்வெளியின் ஒரு சிறு துண்டைப் படமெடுத்தபோது, ஒவ்வொரு தொகுதிப் படத்துக்கும் தொலைநோக்கியின் குறி வேண்டுமென்றே சிறிது நகர்த்தப்பட்டது. பிக்சலைவிட நுண்ணிய விவரம் அந்த நகர்வுகளிலிருந்தே மீட்கப்பட்டது. கூகிள் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட முறையில், கைத்தொலைபேசியைப் பிடித்திருக்கும் கையின் இயல்பான நடுக்கமே அந்த நகர்வைத் தருகிறது. கை நடுங்கினால் படம் கெட்டது என்பது ஒரு படத்துக்குப் பொருந்தும்; அடுத்தடுத்து எடுத்த பல படங்களுக்குப் பொருந்தாது.

வாசல் வைத்த கருவிகளில் இரைச்சலின் பயன் இன்னும் வெளிப்படையானது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மட்டும் பதிவு செய்யும் உணரி, அந்த அளவுக்குக் கீழே இருக்கும் எதையும் பார்ப்பதில்லை. மிதமான இரைச்சல் சேர்ந்தால், பலவீனமான சமிக்ஞையின் உச்சங்கள் அவ்வப்போது வாசலைத் தாண்டும். அந்தத் தாண்டல்களின் அடர்த்தியில் சமிக்ஞையின் வடிவம் தெரியும். எழுமாற்றுப் பரிவு எனப்படும் இவ்விளைவை 1981இல் பென்சி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் பனியுகங்களின் சுழற்சியை விளக்க முன்வைத்தனர். 1997இல் அது மனிதக் கண்ணால் பார்க்கும் படங்களிலும் சோதித்துக் காட்டப்பட்டது. இரைச்சல் மிகக் குறைந்தால் ஒன்றும் தெரியாது. மிக மிஞ்சினாலும் தெரியாது. இடையில் ஓர் அளவில் மிக நன்றாகத் தெரியும்.

இரண்டாவது வாதம்: ராடார் புள்ளிகள் பயனற்றவை

சப்ரகமுவவுக்கு மிக நெருக்கமானது இந்த வாதம். 2016 மே 17ஆம் திகதி, பின்னர் ரோனு சூறாவளியாக உருவெடுத்த தாழமுக்கம் கொட்டிய மழையில், கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மலைச்சரிவு இடிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்களின் மேல் விழுந்தது. இறந்தவர்களும் காணாமற் போனவர்களும் நூற்றுக்கு மேல். அதே மழையில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு மே மாத இறுதியில் இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் மறுபடி பேரழிவு செய்தன. இப்படிப்பட்ட நாட்களில் வானம் திறந்திருப்பதில்லை. மேகத்தின் கீழே எது நகர்ந்தது, எது நகர்கிறது என்று வானிலிருந்து சொல்லக்கூடியது ராடார் ஒன்றே.

ராடார் படத்தில் புள்ளிகள் எப்படி வருகின்றன என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். 2014இல் ஏவப்பட்ட ஐரோப்பிய சென்டினல்-1 செய்மதி, வழக்கமான முறையில் பிரித்தறியும் நிலத்துண்டு ஏறத்தாழ 5 மீற்றருக்கு 20 மீற்றர். நான்கடிக்கு இரண்டடி இடைவெளியில் நட்ட தேயிலை மலையானால், அந்த 100 சதுர மீற்றருக்குள் நூற்று முப்பதுக்கு மேற்பட்ட செடிகள் நிற்கும். அவற்றின் இலைகள், கவாத்து வெட்டிய தண்டுகள், கற்கள், கான் ஓரத்து மண் எல்லாம் தனித்தனியே 5.6 சென்ரிமீற்றர் அலையைத் திருப்பி அனுப்புகின்றன. திரும்பும் அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று கூட்டுகின்றன, சில இடங்களில் அழிக்கின்றன. அதனால் ஒரே மாதிரியான தேயிலை நிற்கும் அடுத்தடுத்த துண்டுகளில் ஒன்று வெளுத்தும் மற்றது கறுத்தும் தெரியும். ஒற்றைப் பார்வையில் எடுத்த படத்தில் இந்தச் செறிவின் நியம விலகல் சராசரிக்குச் சமம். நூறு வீதம் இரைச்சல் என்றே சொல்லலாம்.

இந்த எண்ணைக் கண்டு மிரண்டவர்கள் வடிகட்டியைத் தேடினார்கள். 1980இல் ஜோங்-சென் லீ வெளியிட்ட வடிகட்டியும் அதன் பின் வந்தவையும் இன்று எல்லா மென்பொருளிலும் ஒரு பொத்தானாக இருக்கின்றன. சிறிய சதுரமொன்றுக்குள் அடங்கும் பிக்சல்களைச் சராசரியாக்குவதே அவற்றின் அடிப்படை. ஒன்றையொன்று சாராத 49 பிக்சல்களைச் சராசரியாக்கினால் பொரிப்பு ஏழில் ஒரு பங்காகும். ஆனால் 10 மீற்றர் பிக்சலில் ஏழுக்கு ஏழு சதுரம் என்றால் 70 மீற்றருக்கு 70 மீற்றர் நிலம். பழைய லயனொன்றில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் பன்னிரண்டு வரிசையாக நின்றால் அதன் நீளம் 40 மீற்றர்கூட வராது. அந்த லயனும், அதன் பின்னாலுள்ள மண்வெட்டும், அதற்கு மேலே ஓடும் கானும் ஒரே சராசரிக்குள் கரைந்துபோகின்றன. இலக்கமாகப் பார்த்தால் படம் தெளிந்திருக்கும். பார்க்க வேண்டியது அதில் இருக்காது.

இதைவிடப் பெரிய இழப்பு வேறு. ஸ்பெக்கிள் எழுமாறாகத் தோற்றமளிக்கிறதே தவிர எழுமாறானதல்ல. செய்மதி அதே பாதையில் 12 நாள் கழித்துத் திரும்பி வந்து அதே கோணத்தில் பார்க்கும்போது, நிலத்தில் எதுவும் மாறாதிருந்தால் அதே வெளுப்பும் அதே கறுப்பும் அதே இடங்களில் வரும். ஒவ்வொரு துண்டின் கற்களும் தண்டுகளும் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றனவோ, அதன் நேரடிப் பதிவு அது. ஒவ்வொரு பிக்சலிலும் செறிவோடு அவத்தையும், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தின் எந்தப் புள்ளியில் திரும்பி வந்தது என்பதும், பதிவாகிறது. தனிப் படமொன்றில் அவத்தை முழுக் குழப்பமாகவே தெரியும். இரண்டு படங்களின் அவத்தைகளைக் கழித்தால் பொதுவான குழப்பம் கழிந்து, நிலம் செய்மதியை நோக்கியோ விலகியோ நகர்ந்த தூரம் எஞ்சுகிறது. சென்டினல்-1இல் ஒரு முழுச் சுற்று 2.8 சென்ரிமீற்றர் நகர்வுக்குச் சமம்.

1989இல் கேப்ரியல், கோல்ட்ஸ்டீன், செப்கர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், 1978இல் பறந்த சீசாற் செய்மதியின் பதிவுகளைக் கொண்டு, கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் நீர் பாய்ச்சிய வயல்கள் சில சென்ரிமீற்றர் உப்பியதை இப்படிக் காட்டினர். 1993இல் மசோனே என்ற ஆய்வாளரின் குழுவினர் முந்திய ஆண்டு லேண்டர்ஸ் நிலநடுக்கத்தில் நிலம் நகர்ந்ததை முழு வரைபடமாக்கினர். இரண்டு ஆய்வுகளும், பொரிப்பின் அவத்தையைக் காப்பாற்றி வைத்த பதிவுகளில்லாமல் நடந்திருக்க முடியாது. செறிவை மட்டும் எடுத்து வழவழப்பாக்கிய படத்தை வைத்து அந்தக் கழித்தலைச் செய்யவே இயலாது.

பொரிப்பு மாறுவதும் செய்திதான். இரண்டு தேதிகளின் பொரிப்பு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை ஒத்திசைவு என்ற எண்ணால் அளக்கிறார்கள். மண் புரண்ட இடத்தில் கற்களின் அடுக்கு கலைந்து ஒத்திசைவு விழுந்துவிடும். சரியாத இடத்தில் நிற்கும். சரிவின் எல்லையை மேகத்தின் ஊடே வரைய இது வழி. பொரிப்பின் கோலம் கலையாமல் அப்படியே பல மீற்றர் நகர்ந்திருந்தால், அக்கோலத்தைப் பின்தொடர்ந்து நகர்வை அளக்கலாம். பனியாறுகளின் வேகத்தை 1990களின் இறுதியிலிருந்து இவ்வாறு அளக்கிறார்கள். இதயத்தின் தசை சுருங்குவதை அளக்க வைத்தியசாலையின் மீயொலிக் கருவியிலும் இதே வழி பயன்படுகிறது. அங்கே பொரிப்பைத் துடைத்தால் இதயத் தசையின் அசைவைப் பின்தொடரப் பிடிமானம் ஒன்றுமில்லை.

ராடார் பொரிப்பை ஒப்பிடும் முறைக்குச் சப்ரகமுவவில் எல்லை உண்டு. 5.6 சென்ரிமீற்றர் அலை இலைகளிலேயே பெரிதும் திரும்பிவிடும். கொழுந்து விட்டு, காற்றில் ஆடி, மழையில் நனையும் தேயிலையிலும் இறப்பர் மரத்தின் உச்சியிலும் 12 நாளில் பொரிப்பு கலைந்துவிடுகிறது. ஆனால் இதிலிருந்து கிடைக்கும் முடிவு, பொரிப்பை வடிகட்ட வேண்டும் என்பதல்ல. பொரிப்பு நிலைத்திருக்கும் அலைநீளத்தைத் தேட வேண்டும் என்பதே. 24 சென்ரிமீற்றர் அளவிலான அலை இலைத்திரையை ஊடுருவித் தண்டையும் நிலத்தையும் தொடும். 2014இல் ஜப்பான் ஏவிய அலோஸ்-2 செய்மதி அந்த அலையில் வேலை செய்கிறது. 2025 ஜூலை 30ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் செய்மதி, அதே அளவிலான அலையில் 12 நாளுக்கொரு முறை அதே பாதையில் வருவதற்கென்று அமைக்கப்பட்டது. அலைநீளத்தைத் தேர்ந்தவர்கள் பொரிப்பின் ஆயுளைத்தான் கணக்கிட்டார்கள்.

மூன்றாவது வாதம்: சுத்தமான படமே பாதுகாப்பான முடிவைத் தரும்

இரைச்சல் நீங்கினால் முடிவெடுப்பவருக்குக் குழப்பம் குறையும் என்பது உண்மை. குழப்பம் குறைந்ததால் முடிவு சரியாகிவிடும் என்பது அதிலிருந்து வராது. படத்தின் இரைச்சல், அந்தப் படத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான படத்துக்குள்ளேயே இருக்கும் அளவுகோல். இருண்ட மூலையில் பொரிப்பு மிகுந்திருந்தால், அங்கே ஒளி குறைவாக விழுந்தது, அங்கே சொல்லப்படுவதை எச்சரிக்கையோடு எடுக்க வேண்டும் என்று பொருள். வடிகட்டி அந்த மூலையையும் வெளிச்சமான நடுப்பகுதியையும் ஒரே வழவழப்பாக்கும்போது ஐயம் தீர்வதில்லை. ஐயம் இருந்த சுவடு தீர்கிறது.

மருத்துவப் படத்துறை இதை அனுபவத்தில் கண்டது. நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் லாங்கோன் மருத்துவ மையமும் பேஸ்புக் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவும் 2018இல் தொடங்கிய பாஸ்ட்எம்ஆர்ஐ திட்டம், எம்.ஆர்.ஐ. படத்தைக் குறைந்த தரவிலிருந்து கணினியால் கட்டியெழுப்பி நேரத்தை மிச்சப்படுத்த முயன்றது. கணினி கட்டிய முழங்கால் படங்கள் மிக வழவழப்பாக, மங்கியவை போலத் தோன்றியதால், கதிரியக்கவியல் நிபுணர்கள் பார்ப்பதற்கு முன் அவற்றில் அளந்து இரைச்சல் சேர்க்கப்பட்டது. 2020இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு அப்படிச் சேர்த்த படங்களைக் கொண்டே நடந்தது. அதே திட்டத்தின் 2020 போட்டியில், சில கணினி முறைகள் உடலில் இல்லாத உறுப்பமைப்புகளைப் படத்தில் வரைந்துவிட்டதும் பதிவாகியிருக்கிறது. சுத்தமான படம் பொய் சொல்லும்போது முகத்தில் எந்த அறிகுறியும் தெரிவதில்லை.

சுத்தத்துக்கும் உண்மைக்கும் உள்ள இந்த வேறுபாடு இரத்தினபுரிக் கல் வியாபாரத்துக்குப் பழகிய ஒன்று. நீலக்கல்லுக்குள் ஓடும் ரூட்டைல் கனிம ஊசிகளைப் பட்டு என்பார்கள். பால் கலங்கியது போன்ற கெவுடாக் கல்லை மிக உயர்ந்த வெப்பத்தில் சுட்டால் பட்டு கரைந்து, கல் தெளிந்து நீலம் ஏறும், விலையும் ஏறும். ஆனால் சுடாத கல்லுக்கு உள்ள தனி மதிப்பை ஆய்வுகூடம் உறுதி செய்வது, கரையாமல் நிற்கும் அந்தப் பட்டைப் பார்த்துத்தான். நட்சத்திர நீலக்கல்லில் ஆறு கதிர்களை உண்டாக்குவதும் அதே ஊசிகள். நியூயோர்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலுள்ள, இலங்கையில் எடுத்த 563.35 கரட் நட்சத்திரக் கல்லின் புகழும் அவற்றால் வந்தது. சுடுவது குற்றமல்ல. சுட்டதைச் சொல்லி விற்றால் தொழில். சொல்லாமல் விற்றால் மோசடி. வடிகட்டிய படத்துக்கும் வேறு நீதி இருக்க முடியாது.

நான்காவது வாதம்: கணினிக்குச் சுத்தமான படமே தேவை

படங்களை மனிதன் பார்த்த காலம் போய்க் கணினி பார்க்கும் காலம் வந்துவிட்டது. கணினிக்கு இரைச்சல் வெறும் இடைஞ்சல் என்பது புதிய வடிவில் வரும் பழைய வாதம். கணினியியலே இதை மறுக்கிறது. பயிற்சிப் படங்களில் சிறிதளவு எழுமாறான இரைச்சலைச் சேர்ப்பது, கற்கும் நரம்பு வலையமைப்பு அவற்றை மிகைநுணுக்கமாக மனப்பாடம் செய்வதைத் தடுக்கும் கணித நிபந்தனை ஒன்றுக்குச் சமம் என்று கிறிஸ்டோபர் பிஷப் 1995இலேயே நிறுவினார். 2020க்குப் பின் பெயர் பெற்ற, படம் உருவாக்கும் கணினி முறைகள் பல, படத்தில் படிப்படியாக இரைச்சல் சேர்த்து, அதைப் படிப்படியாக எடுக்கக் கற்பதன் மூலமே படம் என்றால் என்ன என்று கற்கின்றன. இரைச்சல் அங்கே பாடப்புத்தகம்.

தோட்டத்துக்கு இதன் பொருள் நேரானது. 1946இல் இலங்கைக்கு வந்த தேயிலைக் கொப்புள நோய், இளங்கொழுந்தில் வெளிறிய சிறு பொட்டாகத் தொடங்குகிறது. பொட்டுக்கும் இலைக்கும் நிற வேறுபாடு அந்தக் கட்டத்தில் மிகச் சொற்பம். மேகமூட்டமான காலையில் எடுத்த கைத்தொலைபேசிப் படத்தில், தொலைபேசியின் இரைச்சல் நீக்கி முதலில் விழுங்குவது இப்படிப்பட்ட சொற்ப வேறுபாடுகளைத்தான். பச்சை ஒரே சீராகிவிடும். நோயை அடையாளம் காணும் கணினியைச் சுத்தப்படுத்திய படங்களில் பழக்கி, பொரிப்பு நிறைந்த படங்களோடு மலைக்கு அனுப்பினால் அது தடுமாறும். மலையில் கிடைக்கப்போகும் இரைச்சலோடு பழக்கினால் தாக்குப்பிடிக்கும்.

எதிர்த்தரப்பில் உள்ள நியாயம்

எல்லா இரைச்சலும் எல்லா இடத்திலும் நன்மை என்பது இம்மறுப்பின் பொருளல்ல. இரைச்சல் உதவ மூன்று நிபந்தனைகள் வேண்டும். முதலாவது, கருவியில் வாசலோ முழு எண்ணாக்கமோ போன்ற ஒரு கரடுமுரடான படி இருக்க வேண்டும். படிகள் இரைச்சலைவிட நுண்ணியதாக இருக்கும் கருவியில் மேலும் இரைச்சல் சேர்ப்பது வெறும் நட்டம். இரண்டாவது, பல படங்களையோ பல பிக்சல்களையோ சேர்த்துச் சராசரி பார்க்க வாய்ப்பு இருக்க வேண்டும். ஓடும் வாகனத்தை ஒரே தடவை பிடித்த படத்தில் அந்த வாய்ப்பு இல்லை. மூன்றாவது, இரைச்சலின் அளவும் பரவலும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பெக்கிளைப் பொறுத்தவரை, அது நிலைத்திருக்கும் அலைநீளமும் மாறாத பார்வைக் கோணமும் தேவை.

செறிவு மட்டும் தேவைப்படும் வேலைகளும் இருக்கின்றன. களு கங்கை கரையுடைத்து எவ்வளவு நிலத்தை மூடியது என்று அவசரமாக வரையும்போது, தட்டையான வெள்ளநீர் ராடாருக்குக் கறுப்பாகத் தெரியும். பொரிப்பைக் குறைத்த படம் அங்கே வேலையை இலகுவாக்கும். ராடார் அரநாயக்க போன்ற திடீர் மண்பாய்ச்சலை முன்கூட்டிச் சொல்லிவிடும் என்பதும் மிகைக்கூற்று. மெல்ல ஊர்ந்து வரும் சரிவை அது காட்டும். ஒரே இரவில் இடிவதை அல்ல. இந்த வரம்புகள் பொதுக் கருத்தைக் காப்பாற்றுவதில்லை. எப்போது துடைக்கலாம் என்று ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும் என்பதையே அவை உறுதிப்படுத்துகின்றன. எப்போதும் முதலில் துடை என்பதே மறுக்கப்படுகிறது.

நடைமுறையில் வேண்டியவை

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளைப் பெரும்பாலும் மழையின் அளவை வைத்தே விடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்ற படிகள் அதற்குப் பயன்படுகின்றன. மழை ஒரு பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் பெய்கிறது. சரிவதோ அதற்குள் ஒரு மலை. எந்தச் சரிவு ஏற்கெனவே ஊர்ந்துகொண்டிருக்கிறது என்ற செய்தியை மழைமானி தராது. அதைத் தரக்கூடிய ராடார் பதிவுகளை எப்படிக் கையாள்வது என்பதற்கு மேற்சொன்னவற்றிலிருந்து சில விதிகள் கிடைக்கின்றன.

அவத்தையைக் கைவிட்ட செறிவுப் படங்களை மட்டும் தரவிறக்கி வைக்கும் பழக்கத்தை விட்டு, சிக்கலெண் வடிவிலுள்ள மூலப் பதிவுகளைத் தொடர்ச்சியாகச் சேமிக்க வேண்டும். சென்டினல்-1 பதிவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நகர்வு வரைபடம் வெளியாகும்போது ஒத்திசைவு வரைபடமும் பக்கத்தில் வெளியாக வேண்டும். ஒத்திசைவு விழுந்த தேயிலைச் சரிவில் நகர்வு இல்லை என்று தெரிந்தால், அதன் பொருள் அங்கே அளக்க முடியவில்லை என்பதே; பாதுகாப்பு என்பதல்ல. வடிகட்டிய படம் எதுவானாலும் எந்த வடிகட்டி, எத்தனை பிக்சல் சதுரம் என்பது படத்தின் மேலேயே எழுதப்பட வேண்டும். தோட்ட நிர்வாகமோ கிராம உத்தியோகத்தரோ மண்வெடிப்பையும் நோயிலையையும் படமெடுத்து அனுப்பும்போது, தொலைபேசியின் அழகூட்டல் படிகளை நிறுத்திவிட்டு ஒரே இடத்தைப் பல தடவை எடுத்து அனுப்புவது, வழவழப்பான ஒரு படத்தைவிட அதிகம் சொல்லும்.

இரைச்சலை நீக்குவது படவேலையின் கடைசிப் படி. அளவீடு, ஒப்பீடு, ஐயத்தைக் கணித்தல் ஆகிய மூன்றும் முடிந்த பின், காட்டுவதற்காக மட்டும், நீக்கியதைச் சொல்லி நீக்கலாம். அந்த வரிசையைத் தலைகீழாக்கும் பொதுக் கருத்து, படத்தை அழகாக்குகிறது. படத்திலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதைக் குறைக்கிறது.